பாதியில் வைத்த காபி

மகனே,

ஊர் முன்னால் உன் பேச்சுக்கு மாறாகப் பேசியவள் நான். ஆகவே என் நன்றியையும் ஊர் முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் முறை. வீட்டுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "நல்லா இருப்பா" என்று சொன்னால் அது பாதி நன்றி. அதனால்தான் இந்தக் கடிதத்தை நம் வியாபாரிகள் சங்கத்து மாத இதழுக்கு அனுப்புகிறேன். போடலாமா வேண்டாமா என்று தலைவர் உன்னைத்தான் கேட்பார், செயலாளர் நீதானே. வெட்கப்படாமல் போடு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள். எட்டாவதோடு நின்ற எழுத்து, அங்கங்கே கோழி கிளறினது போலத்தான் இருக்கும். ஆனால் சொன்ன விஷயத்தில் கை வைத்தாயோ, நேரே வந்து உன் கல்லாவில் உட்கார்ந்துகொள்வேன்.

நம் கடை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். சின்னமனூரில் மேகமலைச் சாலை பிரிகிற முக்கில் இருக்கிறது நம் ஓட்டல். எட்டு மேசை, முன்னால் ஒரு காபி மேடை, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் ஒரு பாத்ரூம். இந்தக் கடிதம் பெரும்பாலும் அந்தப் பாத்ரூமைப் பற்றியதுதான். மூக்கைப் பிடிக்கிறவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், நான் கோவித்துக்கொள்ள மாட்டேன். அந்த எட்டு மேசையில் இட்லியும் பொங்கலும் போட்டுத்தான் உங்கப்பாவும் நானும் உன்னைப் படிக்க வைத்தோம். நீ படித்துவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போவாய் என்று நினைத்தேன். நீயோ தேனிக்குப் போய் பைபாஸ் ஓரத்தில் நம் கடையைப்போல நாலு மடங்கு ஓட்டல் போட்டு உட்கார்ந்துவிட்டாய். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று உங்கப்பா மீசையைத் தடவிக்கொண்டார். புலி அவர்தானாம்.

அந்தச் சமயத்தில்தான் இந்தச் சட்ட வரைவு வந்தது. ஓட்டல், பெட்ரோல் பங்க், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் எதுவானாலும், கழிப்பறை வைத்திருக்கிறவர்கள் அதை வழியில் போகிற யார் கேட்டாலும் காசு வாங்காமல் திறந்துவிட வேண்டும். கடையில் ஏதாவது வாங்கினால்தான் என்று சொல்லக் கூடாது. மறுத்தால் அபராதம், திரும்பத் திரும்ப மறுத்தால் கடை உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். இன்னும் சட்டமாகவில்லை. வியாபாரிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க மெட்ராசிலிருந்து ஒரு குழு தேனிக்கு வருகிறது என்றார்கள். அவ்வளவுதான், கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் கடைக்காரர்கள் எல்லாம் கொதித்துப்போனார்கள்.

நீ ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா?

"அம்மா, கார்த்திகை பொறந்தா சபரிமலைக்குப் போற சாமிமார் வண்டி எம்புட்டு வருதுன்னு உனக்கே தெரியும். ஒரு பஸ்ஸுக்கு அம்பது பேரு. சமையல அவுகளே ரோட்டோரத்துல பண்ணிக்கிறாக. நம்மகிட்ட ஒரு டீ குடிக்க மாட்டாக, அது அவுக விரதம், தப்பில்ல. ஆனா அம்பது பேரும் எங்கடை பாத்ரூமுக்கு வந்தா செப்டிக் டேங்க் என்னத்துக்கும்மா ஆகும்? தண்ணி லாரிக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

"நெசந்தேன்டா" என்றேன்.

"நீ எந்திரிச்சுப் பேசும்மா. அங்கன வர்ற ஓட்டல்காரவுக எல்லாம் ஆம்பளைக. ஒரு பொம்பள, இத்தன வருசமாக் கடை நடத்துனவ, இது முடியாதுன்னு சொன்னா அவுக யோசிப்பாக. தலைவர்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க அம்மா பேசுவாகன்னு."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. இந்த வயதில் உன்னைச் செயலாளராக்கியதே சங்கத்தில் பல பேருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சின்னப் பயல், என்ன செய்துவிடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் உன் மரியாதை என் வாயில் இருந்தது. நான் முழு மனதோடுதான் சரி என்றேன். உனக்காக மட்டும் சொல்லவில்லை, எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. என் கடைக் கதவை நானாக மனசு வந்து திறந்துவிடுவது வேறு. திற என்று ஒருவன் அபராதச் சீட்டோடு வந்து நிற்பது வேறு. உங்கப்பா மட்டும் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நீ என்னமும் பேசு, மைக்க வாய்க்கிட்ட வச்சுப் பேசு. போன கல்யாணத்துல வாழ்த்துரைன்னு பேசி ஒருத்தருக்கும் கேக்கல" என்றார்.

நானாக மனசு வந்து திறந்தேன் என்றேனே, அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீ பள்ளிக்கூடப் பையன். காலையில் மேகமலையிலிருந்து பஸ் இறங்கி வரும். அந்த ரோடும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளும் உனக்குத் தெரியும், குடல் வாய்க்கு வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு வரை போகப் பொறுக்காமல் எஸ்டேட் பெண்கள் நம் முக்கிலேயே இறங்கிவிடுவார்கள். தேனி ஆசுபத்திரிக்கோ சந்தைக்கோ போகிறவர்கள். நம் கடைக்குள் வந்து ஆளுக்கு ஒரு காபி சொல்வார்கள். காபியைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஒருத்தி இரண்டு பேர் என்றால் பரவாயில்லை. பஸ் வந்து போனால் மேசைக்கு மேசை பாதி டம்ளர்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லு, பொறுத்துக்கொள்வேன். என் காபியைப் பாதியில் வைக்கிறதாவது! முதலில் பால்காரர் மேல் சந்தேகப்பட்டு அவரை நிறுத்தினேன். அடுத்து காபித் தூளை மாற்றினேன். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் நம் காபி மாஸ்டர் செல்லப்பாண்டி மேல் பாய்ந்தேன்.

"ஏம்ப்பா, சிக்கரிய அள்ளிக் கொட்டுறியா? மலையிலருந்து வர்ற பொம்பளைக ஒருத்தியாவது முழுசாக் குடிக்கிறாளா பாரு!"

செல்லப்பாண்டிக்குத் தன் கையைப் பற்றிச் சொன்னால் பொறுக்காது. "அக்கா, எங்கையில காபி வாங்குனவுக கடைசிச் சொட்டுக்கு டம்ளரக் கவுத்துப் பாத்துட்டுத்தேன் போவாக. இது வேற என்னமோ" என்றார். "என்ன வேற? நாக்குல கோளாறா அவுகளுக்கு?" என்று நான் கேட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காபி மேடையில் விரித்துப் போட்டுவிட்டு, அவர் படியிறங்கிப் போய்விட்டார். போனால் போகிறார் என்று நானே காபி ஆற்ற நின்றேன். நீ பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் மேசைகளை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இப்பக் கால்வாசிகூடக் குடிக்கலம்மா" என்று சொல்லிவிட்டு ஓடினாய். கரண்டியை வீசியிருப்பேன், கையில் பால் இருந்தது.

அப்புறம் ஒருநாள் அந்தப் பஸ்ஸில் தங்கம் வந்தாள். நான் மேகமலை எஸ்டேட்டில் கூலி ஆட்களுக்குக் கட்டிவிட்ட லைன் வீட்டில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். தங்கம் பக்கத்து வீட்டுக்காரி, என்னோடு கூடை கட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்து கிள்ளினவள். அவளும் பாதி குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். நான் கல்லாவை விட்டு எழுந்து போய் அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏத்தா தங்கம், நீயாவது உண்மையச் சொல்லு. காபி வாயில வைக்க முடியலையா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடி ஆத்தே! காபி நல்லாத்தேன் இருக்கு. காபி குடிக்கவா நாங்க இங்கன வாரோம்? பின்னாடி பாத்ரூம் சாவி உன் கல்லாவுலல்ல தொங்குது. சும்மா கேட்டா, சாப்பிட வந்தவுகளுக்கு மட்டுந்தேன்னு சப்ளையர் சொல்றாரு. அதேன் ஒரு காபி. அத முழுசாக் குடிச்சா தேனி போறதுக்குள்ள மறுபடி முட்டிக்கிட்டு வரும்ல? அதேன் பாதி."

மகனே, சாப்பிட வந்தவர்களுக்கு மட்டும் என்பது சப்ளையர் போட்ட சட்டம் இல்லை. நான் போட்ட சட்டம். வெளியாள் வந்து அசிங்கப்படுத்துகிறார்கள் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். மலையில் நாங்கள் வேலை செய்த நாளில் தேயிலைச் செடி மறைவுதான் எங்களுக்கு எல்லாம். அட்டைப்பூச்சிக்குப் பயந்து பயந்து உட்காருவோம். ஊருக்கு இறங்க வேண்டும் என்றால் எங்கம்மா முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைத் தொட மாட்டாள், எங்களையும் தொட விட மாட்டாள். அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தப் பாதி டம்ளர் ஏன் என்று தெரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்து கொஞ்ச வருடம் ஆனால் எதிரில் நிற்கிறவளைப் பார்க்கிற கண்ணு மங்கிவிடும் போலிருக்கிறது. தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சிரிக்காதடி, எனக்கு அழுகையா வருது" என்றேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

அன்று மத்தியானமே செல்லப்பாண்டி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி, "என்னைய மன்னிச்சுக்கப்பா" என்றேன். "எங்கிட்ட எதுக்குக்கா, காபிகிட்டக் கேளுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் விடியும் முன்பே வந்து பாய்லரைப் பற்ற வைத்திருந்தார். நான் வாங்கி வைத்திருந்த புதுத் துண்டை எடுத்துக்கொண்டு, பழையதையும் விடாமல் மடித்து வைத்துக்கொண்டார். இத்தனை வருடமும் அந்த மனுசர் நம் கடையில் நிற்பது என் பாக்கியம். அதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

சாவியைக் கல்லாவிலிருந்து எடுத்து வெளிவாசல் தூணில் ஆணியடித்து மாட்டினேன். யாரும் மறந்து பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாதே என்று பிடி ஒடிந்த தோசைக் கரண்டி ஒன்றோடு சேர்த்துக் கட்டினேன். அப்படியும் ஒருநாள் கரண்டியோடு சாவி மலைக்குப் போய்விட்டது. மறுநாள் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்து, "அக்கா, மேல தோசை நல்லா வந்துச்சாம்" என்றார். அதற்கப்புறம் வியாபாரம் கொட்டோ கொட்டென்று கொட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய். சில பேர் ஒன்றும் வாங்காமலே போனார்கள். குடித்துவிட்டு வந்தவன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறான், உங்கப்பா கதவை இடித்து எழுப்பியிருக்கிறார். டேங்க் நிரம்பிக் கடையையே பாதி நாள் மூடியிருக்கிறோம். நீ பயப்படுவது எதுவும் கற்பனை இல்லை. எல்லாம் எனக்கு நடந்திருக்கிறது. ஆனால் மலைப் பஸ் வந்து போனபின் மேசையில் ஒரு பாதி டம்ளர்கூட இருக்கவில்லை. காபி சொன்னவர்கள் காபி குடிக்கத்தான் சொன்னார்கள்.

இவ்வளவும் தெரிந்தே உனக்கு நான் சரி என்றேன். திறப்பவர்கள் திறக்கட்டும், கட்டாயம் எதற்கு என்பதுதான் என் நினைப்பு. அந்த நினைப்போடுதான் தேனிக்குப் பஸ் ஏறினேன். கூட்டம் நடந்த கல்யாண மண்டபத்தில் நீ என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, யாரையோ அனுப்பி மோர் வாங்கிக் கொடுத்தாய். குழு வர நேரமானது. வெயிலுக்கு இன்னொரு டம்ளர் மோரும் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து பெண்கள் பக்கம் போய்ப் பார்த்தால் பெரிய பூட்டு. வாட்ச்மேனைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"இன்னைக்கு முகூர்த்தம் இல்லையேம்மா, அதேன் பூட்டியிருக்கு. சாவி ஓனர் வீட்டுல."

"அங்கிட்டு ஆம்பளைக பக்கம் தெறந்திருக்கே?"

"கூட்டத்துக்கு ஆம்பளைகதான வருவாகன்னு சொன்னாக."

அவரிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? உன்னைக் கூப்பிடலாம் என்றால் நீ மேடையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாய். அத்தனை ஆண்கள் நடுவில் வந்து பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்தேன். பக்கத்தில் ஒரு பேக்கரி இருந்தது. உள்ளே போய் நின்றேன். "என்னம்மா வேணும்?" என்று கேட்டான் அங்கே நின்ற தம்பி. பாத்ரூம் எங்கே என்று கேட்க வந்தவள் நான். என் வாயிலிருந்து வந்தது, "ஒரு காபி."

கொண்டுவந்து வைத்தான். நின்றபடியே ஊதி ஊதிப் பாதி குடித்தேன். அப்புறம்தான், "தம்பி, பாத்ரூம் இருக்காப்பா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவன் டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பின்பக்கம் கையைக் காட்டினான். போய்விட்டுத் திரும்பி வந்தபோது என் டம்ளர் அங்கேயே இருந்தது, பாதிக் காபியோடு. அதை எடுத்துக் குடிக்கப் போனேன். மண்டபத்தில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டுமோ என்று பயந்து வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி! ஒரு கடைக்கு முதலாளி நீ. தூணில் சாவி மாட்டி வைத்தோம் என்று பெருமை பேசுகிறவள் நீ. அடுத்த ஊருக்கு வந்தால் நீயும் தங்கம்தான். அந்தத் தம்பி கெட்டவன் இல்லை, காட்டிவிட்டான். ஆனால் அவனுக்கு மனசு வருமா வராதா என்று தெரியாமல் நான் ஒரு காபி வாங்கிக்கொண்டு நின்றேனே, அந்த நிலைதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் கடைக்கு வருகிறவளுக்கு என் மனசு போதும். அவள் அடுத்த கடைக்கும் போகிறாளே, அங்கே யார் மனசை நம்பிப் போவாள்? மண்டபத்துக்குத் திரும்பி நடக்கும்போது என் பேச்சு மாறிவிட்டது. உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் குழுவும் வந்துவிட்டது, நீயும் மைக்கில் என்னைக் கூப்பிட்டுவிட்டாய்.

முதலில் நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். டேங்க், தண்ணீர் லாரி, சாமிமார் வண்டி எல்லாம். மண்டபமே கை தட்டியது. நீ சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். அப்புறம் பேக்கரியில் வைத்துவிட்டு வந்த டம்ளரைப் பற்றிச் சொன்னேன். "இந்த மண்டபத்துலயே பொம்பளைக பக்கம் பூட்டித்தான்யா கெடக்கு" என்றேன். கைதட்டல் அப்படியே நின்றுபோனது. முதலில் முணுமுணுப்பு, அப்புறம் சத்தம். தலைவர், "போதும்மா, உக்காருங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "லைன் வீட்டுப் புத்தி எங்க போகும்? ஊர்க் கக்கூசயெல்லாம் நம்மளச் சொமக்கச் சொல்லுது!" என்றது. யாரென்று எனக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன், அவர் வீட்டுப் பெண்களும் என் கடைக்கு வருகிறவர்கள்தான்.

மகனே, என் கையிலிருந்த மைக் இடுப்புக்கு இறங்கிவிட்டது. நான் என்ன பேசுகிறேன் என்று எனக்கே கேட்கவில்லை. நீ மேடையிலிருந்து இறங்கி வேகமாக வந்தாய். பிடுங்கப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். பிடுங்கியிருந்தாலும் உன் மேல் எனக்கு வருத்தம் வந்திருக்காது. நீ என் கையோடு சேர்த்து மைக்கைப் பிடித்து, என் வாய்க்கு நேராகத் தூக்கி வைத்தாய்.

"இவுக பேசுறது சங்கத்துக்காக நான் எழுதிக் குடுத்த மனுவுக்கு மாறு" என்று மண்டபத்தைப் பார்த்துச் சொன்னாய். "எனக்கும் ஒப்புதல் இல்ல. ஆனா இவுக கையால சாப்பிடாதவுக இந்த மண்டபத்துல யாரு இருக்கீக? அம்மா, நீ பேசி முடி."

நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ கையை எடுக்கவில்லை. "கதவத் தெறக்கச் சொல்ற அரசாங்கம் தண்ணிக்கும் டேங்குக்கும் எங்ககூட நிக்கணும். ரெண்டு மேசை போட்டவனுக்கும் இருவது மேசை போட்டவனுக்கும் ஒரே அபராதம்னா அது நியாயமில்ல. சாமிமார் வண்டி நிக்கிற எடத்துல அரசாங்கமே கட்டட்டும். இதெல்லாம் எழுதிக்கங்கய்யா. ஆனா ஒரு பொம்பள சாவி கேக்குறதுக்கு ஒரு காபி வாங்கணும்ங்கிற நெலம வேணாம். அதையும் எழுதிக்கங்க" என்றேன். குழுக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். மெட்ராசில் போய் என்ன செய்வார்களோ எனக்குத் தெரியாது. சட்டம் எப்படி வரும், வருமா என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்கு மாறாக நிற்கிற பிள்ளை எனக்காக மைக்கைப் பிடித்தான். எத்தனை பேருக்கு இது கிடைக்கும்? உன்னைப் பெற்றதற்கு நான் கொடுத்து வைத்தவள் என்று இந்த ஊர் கேட்கச் சொல்கிறேன். உங்கப்பாவிடம் சொன்னபோது, "அப்ப இந்தத் தடவ கேட்டுச்சா?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டார்.

காரில் என்னைக் கொண்டுவந்து விட்டாயே, வீரபாண்டி தாண்டும் வரைக்கும் வண்டியை விரட்டினாய். அப்புறம், "எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாய். "எனக்கே அந்தப் பேக்கரியிலதான்டா தெரிஞ்சுச்சு" என்றேன். "டேங்க் நெறஞ்சா நீதேன் வந்து நிக்கணும்" என்றாய் கோபமாக. நிற்கிறேன் என்றேன், இப்போதும் சொல்கிறேன். பேசியதற்காக நான் வருத்தப்படவில்லை. உன் வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் உனக்குச் சொல்லாமல் மாற்றிப் பேசினேன், அதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன். செயலாளர் பதவியை விடச் சொல்லிச் சில பேர் உன்னை நெருக்குவதும் காதுக்கு வந்தது. விடாதே. அவர்களும் நம் ஆட்கள்தான். சின்னக் கடைக்காரனுக்கு அபராதத்தை நினைத்தால் தூக்கம் வராது, அந்தப் பயத்தில் பேசுகிறார்கள். அவர்களுக்காக நீ எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. முடியாது என்று மட்டும் எழுதாதே. எது இருந்தால் முடியும் என்று எழுது. அப்படி ஒரு மனு எழுதினாயானால் முதல் கையெழுத்து என்னுடையது.

தை மாதம் உனக்குக் கல்யாணம். வரப்போகிற மருமகள் கம்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர். பூ வாங்கிக் கொடுப்பது, புடவை எடுப்பது எல்லாம் உனக்கு யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்வது வேறு. ஒருநாள் அவளிடம், "காலையில வீட்ட விட்டுக் கெளம்பும்போது தண்ணி குடிப்பியா?" என்று கேள். அவள் என்ன சொல்கிறாள் என்பதை மட்டும் கேள், பதிலுக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று செல்லப்பாண்டி சத்தியம் வாங்கியிருக்கிறார், ஆனால் கடிதத்தில் எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நீ அவருக்குப் போன் போட்டாயாமே. யார் கழுவுவார்கள், தண்ணீர் எவ்வளவு ஆகும், குடிகாரன் வந்தால் என்ன செய்வது, சாவியை எங்கே மாட்டினால் கண்ணில் படும் என்றெல்லாம் கேட்டாயாம். "அம்மாகிட்டச் சொல்லிறாதீக அண்ணே" என்றாயாம். அவரால் பாலைப் பொங்காமல் காய்ச்ச முடியும், ஒரு ரகசியத்தை வயிற்றில் வைத்திருக்க முடியாது. போனை வைத்த கையோடு வந்து சொல்லிவிட்டார். அன்று முழுக்க என் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாம், "என்னத்தா, லாட்டரி விழுந்திருக்கா?" என்று கேட்டார்கள். பிடி ஒடிந்த தோசைக் கரண்டி இன்னொன்று சமையல்கட்டில் கிடக்கிறது. அதைத் தேய்த்துக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அந்தக் கரண்டியை உன் கடைக்குக் கொண்டுவருகிறேன். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன், எந்தப் பஸ்ஸில் வருவேன் என்றும் கேட்காதே. வந்து ஓர் ஓரத்து மேசையில் உட்கார்ந்து ஒரு காபி சொல்வேன். நான் அதைப் பாதியில் வைத்தேன் என்றால், உன் காபி சரியில்லை என்று அர்த்தம். உன் கடையில் அதற்கு வேறு எந்த அர்த்தமும் இருக்கக் கூடாது.

உன்
அம்மா